செம்புக் கப்பு விளக்குகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என் கண் கட்டியிருந்தது. புதுக்கோட்டையில் கண்புரை அறுவை முடிந்து, ஒரு கண்ணில் பஞ்சும் மற்றதில் மங்கலுமாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இரண்டு பெண் குரல்கள்.

"அந்த வெளக்கையெல்லாம் என்னக்கா பண்ணுனீங்க?"

"என்னத்தப் பண்ண. சாக்குல கட்டி வச்சிருக்கேன்."

"கொளத்துல போட்ருங்க."

"போட்டுட்டு? எவனாச்சும் கால்ல குத்திக்கவா?"

அவ்வளவுதான். நர்ஸ் யாரையோ கூப்பிட்டாள், குரல்கள் எழுந்து போய்விட்டன. மீதியெல்லாம் நான் கட்டியது. எனக்குக் கதை முகமாக வருவதில்லை, பேச்சாகத்தான் வரும். ஆகவே இதில் யாருடைய மூக்கு எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "பல நாடுகள் கூடிக் கொத்துக்குண்டுகளைத் தடை செய்த ஒப்பந்தத்தை ஏற்று, தூரத்து நாடொன்று தன் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம்…" (நிறுத்திவிட்டேன். செய்தித்தாளில் இப்படி ஒரு வரி வந்தால் நானே தாண்டிப் போய்விடுவேன்.)

இரண்டாவது: "சொர்ணவல்லி பார்ப்பதற்கு…" (மூக்கே தெரியாது என்றேனே.)

மூன்றாவது நிற்கிறது.

குளத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் சொர்ணவல்லிக்குச் செக்கிங் வேலை. செம்புத் தகட்டை அழுத்திக் கூம்பாக எடுப்பார்கள், உள்ளங்கையில் அடங்கும். பட்டறையில் அதற்குப் பெயர் கப்பு. விளிம்பு நெளிந்ததை, கீறல் விழுந்ததை அவள் கழித்துப் போடுவாள்.

"எண்ணெய்க் கெணத்துக்குள்ள எறக்கி ஓட்டை போடுற சாமான்மா. வெளிநாட்டுக்குப் போகுது" என்று முதலாளி ரெங்கசாமி சொல்லியிருந்தார்.

கழித்தவை எடைக்குப் போகும். கார்த்திகை வந்தால் மட்டும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ள விடுவார். சொர்ணவல்லி அவற்றைக் களிமண் உருண்டைகளில் அழுத்தி நிறுத்தி, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வாசலில் வைத்தாள். மண் விளக்குப் போல எண்ணெய் குடிக்கவில்லை. மறு வருடம் தெரு முழுக்கச் செம்பு. கூட வேலை பார்க்கும் ஹமீதா பானுவும் கேட்டாள்: "எங்களுக்குத்தான் கார்த்திகை இல்ல, கரண்டு கட்டு இருக்குல்லக்கா. ரெண்டு குடுங்க."

3

ஒரு நாள் மெஷின்களை நிறுத்திவிட்டு சூப்பர்வைசர் பெலிக்ஸ் எல்லாரையும் கூப்பிட்டார்.

"ஆர்டர் நின்னுபோச்சு. வாங்குற நாட்டுல சட்டம் போட்டுட்டாங்க."

"கெணறு தோண்டுறதுக்கா சார் சட்டம்?"

"கெணத்துக்குப் போனது கொஞ்சம். மிச்சம் வேற கம்பெனிக்குப் போயிருக்கு. பெரிய குண்டு, வானத்துலயே தொறந்துக்கும். உள்ள இருந்து சின்னச் சின்னதாச் செதறும். அது ஒவ்வொண்ணுக்குள்ளயும் நம்ம கப்பு."

"செதறி?"

"வெடிக்கும். வெடிக்காதது அப்படியே காட்டுல கெடக்கும், வருசக் கணக்கா. புள்ளைங்க வெளையாட்டுச் சாமான்னு கையில எடுக்கும். அதான் இனிமே செய்யக் கூடாது, செய்ய ஒதவி பண்ணக் கூடாதுன்னு சட்டம்."*

பானுதான் கேட்டாள்: "அப்ப நல்லதாப் பாத்துப் பாத்து அங்க அனுப்பிட்டு, கழிசல வெளக்கா ஏத்துனோமாக்கா?"

அன்று சாயங்காலம் சொர்ணவல்லி விளக்குகளைச் சாக்கில் போட்டுக் கட்டினாள்.

* நம் நாடு அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. இங்கே அப்படி ஒரு தடைச் சட்டமும் கிடையாது. அடிக்குறிப்பில் இதை எழுதிவிட்டால், செய்தது குற்றமில்லை என்று பட்டறைப் பெண்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

4

ரெங்கசாமியைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். அதட்டிப் பேச வைத்தேன். காதில் ஒட்டவில்லை. பட்டறை பூட்டிக் கிடந்து சில மாதம் கழித்து, அவரே அவள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். (இதை நான் பார்க்கவில்லை. அவர் குரல் அப்படி இருந்தது.)

"புது ஆர்டர் வந்திருக்கும்மா. வேற நாடு. திங்கக்கெழம வேன் வரும்."

"அந்த நாட்டுல சட்டம் இருக்குங்களா?"

"இல்ல."

"கெணத்துக்குத்தானா?"

"கெணத்துக்குன்னுதான் சொல்றான்."

"முன்னாடி வாங்குனவனும் அதத்தானுங்களே சொன்னான்."

"அவன் வீட்டு அடுப்படி வரைக்குமா நான் போய்ப் பாக்க முடியும்? மனசு ஒப்பலைன்னா வராத. ஆனா ஒன் கண்ணு மாதிரி எனக்கு வேற கண்ணு கெடைக்காது."

அவர் போனதும் கட்டிலில் இருந்து அவள் புருஷன் ஆனந்தராஜ் கேட்டான்.

"போறியா?"

"போகலைன்னா?"

"நான் சாரம் ஏறப் போறேன். நீ இங்கிட்டு வந்து படுத்துக்க."

இருவரும் சிரித்தார்கள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த நாள் முதல் அவன் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறான். அவள் சம்பளம் நின்ற பிறகு அந்த வீட்டில் காலைச் சமையல் இல்லை.

5

முடிவு ஒன்று. அவள் போகவில்லை. வேன் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறது. அவள் நிமிர்ந்து…

எழுதிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. உடனே அவள் குரல்: "நீங்க எழுதிட்டுப் போய்ப் படுத்துக்குவீங்க. நான் அன்னைக்கு என்னத்த ஆக்குறது?"

அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு. அவள் போகிறாள். போய், நல்ல கப்புகளை எல்லாம் கழித்துப் போடுகிறாள், நெளிந்ததையும் கீறலையும் நல்லதென்று பெட்டியில் அடுக்குகிறாள். இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கூலியும் வந்தது, மானமும் இருந்தது. இரண்டு நாள் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு மதியச் சாப்பாட்டில், டிபன் பாக்ஸைத் திறந்தபடி பானு கேட்டாள்: "அக்கா, கோணக் கப்பு போன குண்டு வெடிக்காமப் போச்சுன்னா? வெடிக்காததத்தானே புள்ளைங்க எடுக்கும்?"

அப்படி ஆகுமா ஆகாதா, பானுவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. சொர்ணவல்லி சோற்றில் கை வைத்தபடி இருந்தாள். அதையும் அடித்துவிட்டேன். [அந்தக் கை மட்டும் அடிபடாமல் நிற்கிறது.]

6

திங்கட்கிழமை. வேன் வந்துவிட்டது. பானு உள்ளே உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கூப்பிடுகிறாள்: "வாரீங்களா இல்லையாக்கா?" சொர்ணவல்லி வாசற்படியில். கட்டிலுக்கு அடியில் சாக்கு.

நான் கேட்பவள். அவள் பேசினால் எழுதிக்கொள்வேன், பேசவில்லை. பெஞ்சில் கேட்ட அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். முகம் தெரியாத எவனோ ஒருவன் காலில் குத்திவிடும் என்று குளத்தில் போடாதவள். அவள் வேனில் ஏறியவளா, ஏறாதவளா? அந்தப் பேச்சிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. ஏறியவளும் ஏறாதவளும் அப்படித்தான் பேசுவார்கள்.

ஏறச் சொல்வதானாலும் வேண்டாம் என்பதானாலும், வாசகரே, அதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள். ஏறு என்றால், வெடிக்காத குண்டை எடுக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பானு கேட்டதற்குப் பதிலோடு வாருங்கள். ஏறாதே என்றால், கையில் அரிசியோடு வாருங்கள்.

டிரைவர் மறுபடி ஹாரன் அடிக்கிறார்.