அத்தான் வளர்த்த நாய்கள்

அக்காவுக்கு எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் பார்க்க, அத்தான் அம்மாவிடம் கத்தினார்: "உங்க வம்சமே சரியில்ல. தெரிஞ்சே என் தலையில கட்டிட்டீங்க." அதோடு போனவர்தான். அக்கா அம்மாவின் மடியில்தான் இறந்தாள்.

அக்காவின் தங்கையை வீட்டில் சின்னவள் என்பார்கள். படித்தது மரபணுவியல். எந்த விலங்குக்குப் புற்றுநோய் வருகிறது, எதற்கு வருவதில்லை, ஏன் என்று பார்ப்பது அவளுடைய ஆய்வுக்கூடத்தின் வேலை. கட்டி வளராமல் தடுக்கும் மரபணு ஒன்றுக்கு யானையிடம் பல பிரதிகள் உண்டு. மனிதனிடமும் நாயிடமும் ஒரே ஜோடி. அக்காவுக்கு அந்த ஜோடியில் ஒன்று பழுது. "யானையாப் பொறந்திருந்தா தப்பிச்சிருப்பா" என்று சின்னவள் சிரிப்பாள். கூட இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அத்தான் இதற்குள் நாய்ப் பண்ணை வைத்துப் பெரிய ஆளாகியிருந்தார். பரிசு வாங்கிய அவருடைய கறுப்பன் என்ற நாயின் குட்டிகளுக்கு ஏகப்பட்ட கிராக்கி. அவை வளர்ந்து, கால் எலும்பில் கட்டி வந்து ஒவ்வொன்றாகச் சாக, வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பண்ணைமேல் குறையில்லை என்று காட்ட, சின்னவள் வேலை செய்வது தெரியாமல் அந்த ஆய்வுக்கூடத்துக்கே கறுப்பன், குட்டிகளின் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். முடிவு கேட்க, வாங்கியவர்களையும் கையோடு கூட்டி வந்தார்.

சின்னவளைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. சமாளித்துக்கொண்டு, "நல்லா இருக்கியாம்மா?" என்றார்.

முடிவை உள்ளறையில்தான் சொல்வது வழக்கம். சின்னவள் நடுக்கூடத்திலேயே நின்றாள்.

"கட்டி வந்த எல்லாக் குட்டிக்கும் ஒரே மரபணுதான் கெட்டிருக்கு. கொடுத்தது கறுப்பன்."

"உள்ள போய்ப் பேசலாமே."

"எதுக்கு அத்தான்? வம்சமே சரியில்ல. அதை நாலு பேர் முன்னாடி சொல்றதுதானே உங்க பழக்கம்?"

"தெரிஞ்சேதான் வித்தியா?" என்று வாங்கியவர்களில் ஒருவர் அத்தானின் சட்டையைப் பிடித்தார். அத்தான் வாசல் பக்கம் நழுவப் பார்த்தார். சின்னவள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் அத்தான் அவளிடம் கேட்டார்: "பழி வாங்கிட்ட, இல்ல?"

"ஆமா. முடிவு நிஜம். சொன்ன இடம் மட்டும் என் இஷ்டம்."

கறுப்பனுக்குக் கருத்தடை செய்தார்கள். அந்த வம்சம் அதோடு நின்றது. நாய் பாவம், அது என்ன செய்யும். ஆய்வுக்கூட இயக்குநர் சின்னவளை வறுத்தெடுத்து, இனி வெளியாட்களைச் சந்திக்கக் கூடாது என்றார். மன்னிப்புக் கேட்டாள், உதட்டளவில்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கேட்டாள்:

"அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.