எமில் ஹுடாக்கின் பதினைந்தாவது முறை

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஹீட்டருக்கு அடியில் கிடைத்தது. குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டிவைத்து, டார்ச் அடித்துப் பார்த்தபோது கிடைத்தது. அதன்பின் ஒன்பது முறை எழுதத் தொடங்கி, ஒன்பது முறையும் அதே ஹீட்டர் முன்னால் வந்து நின்றுவிட்டேன். இது பத்தாவது. இதிலும் அங்கேதான் நிற்பேன். நின்றால் என்ன செய்வது என்று இந்தத் தடவை யோசித்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் முழங்கால் அளவு பனி விழுந்திருந்த ஒரு சனிக்கிழமை, செத்துப்போன ஆட்டக்காரர்களைப் பங்குபோட்டுக்கொள்ள எட்டுப் பேர் கூடினார்கள்…" அடித்துவிட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பேய்க்கதை என்று நினைத்து உட்காருவீர்கள், பிறகு என்னைத் திட்டுவீர்கள்.

இன்னொன்று: "வெர்னா ஹுடாக் தன் அப்பாவைப் பத்தொன்பது ஆண்டுகளாக ஒருமுறைகூட மட்டை பிடிக்க விடவில்லை. அவள்…"

(அவளா, அவரா? வெர்னாவுக்கு வயது எழுபத்தொன்று. தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நானும் இருபத்திரண்டு வருடமாக "வெர்னா" என்றுதான் கூப்பிடுகிறேன். தமிழில் எழுத உட்கார்ந்தால் மட்டும் கை தானாக "நீங்க" போடுகிறது. தெரிந்தால் "நான் என்ன கிழவியா?" என்று சண்டைக்கு வருவார். வரட்டும்.)

2

நாங்கள் ஆடுவது பேஸ்பால். ஆனால் உடம்பில் ஒரு சொட்டு வியர்வை வராது. ஸ்லோவாக் சங்கக் கட்டிடத்தின் அடித்தளத்தில், மடக்கு மேஜைகளில், காபியும் புளித்த முட்டைக்கோஸ் உருண்டையுமாக உட்கார்ந்து ஆடுகிறோம். பழைய ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. ஓர் ஆண்டில் அவர் நிஜமாக எப்படி ஆடினாரோ அதைக் கணக்கிட்டு அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். பகடை மூன்று: வெள்ளை ஒன்று, சிவப்பு இரண்டு. வெள்ளையில் ஒன்றிலிருந்து மூன்று வரை விழுந்தால் மட்டைக்காரரின் அட்டையைப் பார்க்க வேண்டும். நாலு, ஐந்து, ஆறு என்றால் பந்து வீசுபவரின் அட்டை. எந்த வரி என்பதைச் சிவப்பு இரண்டும் கூட்டிச் சொல்லும். இதற்குத்தான் எட்டுப் பெரிய மனிதர்கள் வருடம் முழுக்க ஞாயிறு மதியத்தைத் தொலைக்கிறோம்.

வருடா வருடம் பிப்ரவரி முதல் சனிக்கிழமை ஆளெடுப்பு, அதாவது முறைவைத்து ஆளுக்கோர் அட்டையாக எடுத்து அணி சேர்ப்பது. இருபத்தைந்து சுற்று. முதல் சுற்றில் எல்லாரும் ஜாம்பவான்களை அள்ளுவார்கள். கடைசிச் சுற்றில் வெர்னா மட்டும் பட்டியலைப் பார்க்காமல் "எங்கப்பா" என்பார். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எமில் ஹுடாக், 1951. ஆறு ஆட்டம். பதினான்கு முறை மட்டை பிடித்தார். ஹிட், அதாவது பந்தை அடித்து முதல் மூலையைப் பத்திரமாகத் தொட்டது, சைபர். (அட்டையைத் தேடிப் போகாதீர்கள். ஆட்டக்காரர்களின் பெயர், வருடம் எல்லாம் மாற்றிவிட்டேன். சைபரை மட்டும் மாற்றவில்லை.) நிஜத்தில் சைபர் என்பதால் அவர் அட்டையிலும் ஒரு ஹிட்கூடக் கிடையாது. எந்த வரியைப் படித்தாலும் அவுட். பந்து வீசுபவரின் அட்டை தயவு பண்ணினால்தான் உண்டு.

அந்தப் பதினான்காவது முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எமில் அடித்த பந்து களத்தில் நின்றவனின் கையுறையில் பட்டுத் தெறித்தது. எமில் ஓடி முதல் மூலையைத் தொட்டுவிட்டார். நம் கிரிக்கெட்டில் கேட்சை விட்டாலும் ஓட்டம் அடித்தவன் பேரில்தான் சேரும். இங்கே அப்படி இல்லை. "இவன் அடித்தது ஹிட்டா, அவன் விட்டது பிழையா" என்று தீர்ப்பு எழுத மேலே ஒருவர் உட்கார்ந்திருப்பார். அன்று உட்கார்ந்திருந்தவர் 'பிழை' என்று எழுதினார். மறு வாரமே எமிலை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். டயர் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தார். சாகும் வரை ஒரே பேச்சு: "அந்த ஆள் ஹாட்டாக்ல கடுகுச் சாஸ் தடவித் தின்னுட்டு இருந்தான். பார்க்கவே இல்ல."

3

இந்த வருட ஆளெடுப்பில் ஒரு தவறு நடந்தது. பெயருக்குப் பதில் அட்டை எண்ணைச் சொல்வது எங்கள் வழக்கம். இருபத்துநான்காவது சுற்றில் எனக்கு ஒரு மாற்று ஆள் தேவைப்பட்டது. 641 என்று சொல்ல நினைத்தவன், 614 என்று சொல்லிவிட்டேன்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யோவ் வேலு," என்றார் டெல்பர்ட். பள்ளிப் பேருந்து ஓட்டியவர், எனக்கு இருபது வயது மூத்தவர், வாய் சும்மா இருக்காது. "கண்ணாடிய மாத்துய்யா. அது எமிலு!"

"ஐயோ, தப்பா சொல்லிட்டேன். வெர்னா, நீங்களே எடுத்துக்குங்க."

வெர்னா பென்சிலைக் கூராக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "சொன்னது சொன்னதுதான். ரூலு."

"ரூலை எழுதினதே நீங்கதானே?"

"அதனாலதான் சொல்றேன்."

"அப்ப மாத்திக்கலாம். என் ஆள் யாரை வேணும்னாலும்…"

"எங்கப்பாவை யாரும் எனக்குத் தானம் குடுக்க வேணாம். இருபத்தஞ்சாவது சுத்து. அடுத்து யாரு?"

அன்று கடைசிச் சுற்றில் அவர் எடுத்தது யார் என்று எனக்கு நினைவில்லை. அவருக்கும் இருக்காது.

4

மேலே உள்ள 3-ஐ நம்ப வேண்டாம். எண்ணைத் தவறாகச் சொல்லவில்லை. நினைத்துத்தான் சொன்னேன்.

அதை ஒன்பது வரைவிலும் தவறு என்றே எழுதினேன். படித்துக் காட்டிய ஒரே ஆள் என் மனைவி. "641, 614… நல்லா ஜோடிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதனால் இந்த வரைவில் நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது ஆண்டாக ஒரு பெண், அப்பாவைத் தன் அணியில் வைத்துக்கொண்டு ஒருமுறைகூட மட்டை பிடிக்க விடவில்லை. ஒவ்வோர் ஆளையும் பருவத்தில் ஒரு தரமாவது இறக்க வேண்டும் என்று விதி. வெர்னா கடைசி நிமிடத்தில் அவரைக் களத்தில் ஓரமாக நிறுத்தி விதியை முடித்துக்கொள்வார். பதினான்கு முறை தோற்றவரைப் பதினைந்தாவது முறை தோற்க விட அவருக்கு மனமில்லை. அதை நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எமில் என் கைக்கு வந்தால் ஒரு கதை வரும் என்று தோன்றியது. எடுத்தேன்.

அடுத்தவர் வீட்டுத் துக்கத்தை அடுப்பில் வைத்துக் குளிர் காய்ந்தேன். இதை அழகாகச் சொல்ல வேறு வழி இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

5

(இந்தப் பகுதியில் வெர்னாவை அழ வைத்திருந்தேன். நிஜ வெர்னா அழவில்லை. அழுத வெர்னாவை நான் நம்பவும் இல்லை. வெட்டிவிட்டேன்.)

மார்ச் மாதம், சங்கத்தின் பின்வாசலில் உப்புத் தூவி நடைபாதைப் பனியைக் கரைத்துக்கொண்டிருந்த வெர்னாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கதைக்காக எடுத்தேன் என்றும் சொன்னேன். அவர் கையில் இருந்த உப்பு முழுவதையும் தூவி முடித்தார்.

"எந்த பாஷையில எழுதுவ?"

"தமிழ்ல."

"எங்க வீட்டுல யாரும் படிக்க மாட்டாங்க, நான் படிக்க மாட்டேன். யாருக்கு எழுதுற?"

"படிக்கிறவங்களுக்கு."

"அதுல எங்கப்பா ஹிட் அடிப்பாரா?"

நான் உப்பைக் காலால் தள்ளினேன். உண்மையைச் சொன்னால், அந்த முடிவை மட்டும் அப்போதே எழுதி வைத்திருந்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸ், மைதானமே எழுந்து நிற்கிறது, அந்த மாதிரி.

"எழுதி வெச்சிருக்க," என்றார். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "நல்லாக் கேட்டுக்கோ வேலு. சும்மா உட்கார்ந்து நீ ஹிட்டுன்னு எழுதினா, அது கடுகு தடவுனவன் பண்ணதுதான். அவன் பாக்காம பிழைன்னு எழுதினான், நீ பாக்காம ஹிட்டுன்னு எழுதுற. அவ்ளோதான் வித்தியாசம். எடுத்தியில்ல? உருட்டு. உருட்டிட்டு எழுது."

"அவுட் ஆயிட்டா?"

"அவுட்டுன்னு எழுது." கையில் ஒட்டிய உப்பைத் தட்டிக்கொண்டே, "எனக்கு எதிரா ஆடறப்போ உருட்டு. நான் இல்லாதப்போ வேணாம்" என்றார்.

6

ஏப்ரல் ஞாயிறு. என் அணி ஆறு ஓட்டம் பின்தங்கியிருந்தது. கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். எப்படியும் தோற்கப் போகிற ஆட்டம். ஹிட் விழுந்தாலும் முடிவு மாறாது. வேண்டுமென்றே அப்படி ஒரு நேரத்துக்காகக் காத்திருந்தேன். வெர்னாவின் பந்து வீச்சாளர் ஆம்புரோஸ் டீல், இடது கை.

எமிலின் அட்டையை மேஜையில் வைத்தேன். பத்தொன்பது வருடம் வெர்னாவைத் தவிர யார் விரலும் படாத அட்டை, மூலைகூட மடங்கவில்லை. பக்கத்து மேஜைகளில் ஆட்டம் நின்றது. டெல்பர்ட் தட்டோடு வந்து எனக்குப் பின்னால் நின்றார்.

"மெதுவாய்யா. அம்மிக் குழவி உருட்டற மாதிரி உருட்டாத."

உருட்டினேன். சிவப்பு இரண்டும் மேஜையிலேயே நின்றன: மூன்று, நாலு. கூட்டினால் ஏழு. வெள்ளை, காபிக் கோப்பையில் முட்டி, மேஜை விளிம்பில் ஒரு நொடி தயங்கி, கீழே குதித்து ஹீட்டருக்கு அடியில் ஓடிவிட்டது.

டீலின் அட்டை வெர்னாவுக்கு மனப்பாடம். ஏழாவது வரியில், வெள்ளை நாலு என்றால் ஹிட். வேறு எது விழுந்தாலும் அவுட். அவர் உதடு "நாலு" என்று அசைந்ததை நான் பார்த்தேன். அதை நான் ஜோடிக்கவில்லை.

டார்ச்சோடு படுத்தேன். தூசி, ஒரு பழைய பொத்தான், அதற்குப் பக்கத்தில் பகடை.

நாலு.

டெல்பர்டும் முட்டி போட்டுப் பார்த்தார். "நாலுதான்" என்றார். பிறகு முனகினார், "எனக்குக் கண்ணு தெரியாமலே போயிருக்கலாம்."

ஏனென்றால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வெர்னாவின் கையெழுத்து. ஏழாவது விதி: மேஜையை விட்டு இறங்கிய பகடை செல்லாது, மூன்றையும் மறுபடி உருட்ட வேண்டும். போன வருட இறுதி ஆட்டத்தில் என் பகடை இதே போலக் கீழே விழுந்தது, அதில் வந்த எண்ணுக்கு நான் ஜெயித்திருக்க வேண்டும். வெர்னா அந்தத் தாளைக் காட்டினார். மறுபடி உருட்டி, தோற்றேன்.

எழுந்து நின்றேன். கணக்கு எழுதும் ஆட்டத்தாள் வெர்னாவின் முன்னால் இருந்தது, எமில் பெயருக்கு நேரே ஒரு காலிக் கட்டம். அவர் பென்சிலை எடுத்தார், வைத்தார்.

"ஏழாவது ரூலை எழுதினது நான்தான்," என்றார். "ஆனா இதை நான் எழுதக் கூடாது. மக எழுதினா அப்பாவுக்காக எழுதினான்னு ஆயிடும். எழுதலைன்னா, அதுவும் அப்பாவுக்காகத்தான்னு ஆயிடும்." பென்சிலை என் பக்கம் தள்ளினார். உடனே இழுத்துக்கொண்டார். "நீயும் வேணாம். உனக்குக் கதை வேணும்."

"டெல்பர்ட்?"

"என்னை விட்டுடும்மா. நான் எமில்கூட மீன் பிடிச்சிருக்கேன்."

7

முடிவுகள்.

(அ) வெர்னா பென்சிலை எடுத்து 'ஹிட்' என்று எழுதுகிறார். கை நடுங்குகிறது. இதை எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தேன், வெட்கமாக இருந்தது. அந்தக் கையை நடுங்க வைத்தது நான்.

(ஆ) மறுபடி உருட்டுகிறேன். அவுட். வெர்னா, "சரி, இப்பவாவது நேர்மையா அவுட் ஆனாரு" என்கிறார். நல்ல வசனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை எழுதும்போது என் கையில் பகடையே இல்லை. உருட்டாமலே உருட்டியதாக எழுதினேன். கடுகு தடவியவனுக்கு நான் எந்த விதத்தில் மேல்?

(இ) எமிலே படியிறங்கி வந்து

இல்லை.

நடந்தது இதுதான். ஆட்டம் அங்கேயே நிறுத்தப்பட்டது. ஆறு மாதமாகிறது. சிவப்புப் பகடை இரண்டும் மேஜையில் அப்படியே இருக்கின்றன, மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்து வைத்திருக்கிறோம். வெள்ளைப் பகடை ஹீட்டருக்கு அடியிலேயே கிடக்கிறது. பெருக்குகிறவரிடம் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. வெர்னா ஞாயிறுதோறும் வருகிறார், வேறு மேஜையில் உட்காருகிறார், அந்த ஆட்டத்தாளை மட்டும் கோட்டுப் பைக்குள் வைத்திருக்கிறார். இதயத்தில் அவருக்கு ஓர் அறுவை சிகிச்சை இருக்கிறது, குளிர்காலம் வருவதற்குள். அதற்கு முன்னால் கட்டம் நிரம்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஹுடாக் குடும்பத்தைத் தெரியாதவங்க வேணும். லீக்ல இல்லாதவங்க. ரூலும் தெரியணும், விழுந்ததும் தெரியணும். அப்படி யாராவது இருக்காங்களா உனக்கு?"

"இருக்காங்க," என்றேன்.

"நம்பலாமா?"

"இவ்வளவு தூரம் படிச்சிருக்காங்க."

அவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டார். பிறகு ஆட்டத்தாளை மடிப்புப் பிரித்து, பென்சிலை மேலே வைத்து, என்னிடம் கொடுத்தார். அதைத்தான் இப்போது உங்கள் முன்னால் வைத்திருக்கிறேன். எமில் ஹுடாக், பதினைந்தாவது முறை:

[          ]

ஹிட் என்றாலும் சரி, மறுபடி உருட்டு என்றாலும் சரி, நீங்கள் எழுதுவதை ஏற்றுக்கொள்வதாக வெர்னா சொல்லிவிட்டார். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கச் சொன்னார். கையில் ஏதாவது சாப்பிட வைத்திருந்தால், தயவுசெய்து கீழே வைத்துவிட்டு எழுதுங்கள்.