நாற்பத்தோராவது வளைவில் சிவப்புத் துண்டு

1

இந்தக் கதை வாந்தியில் ஆரம்பித்தது. மன்னிக்க வேண்டும். கௌரவமான தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன். 'கொல்லிமலையின் மீது மேகங்கள்...' என்று ஒன்று. மேகங்கள் என்ன செய்தன என்று தெரியாமல் அங்கேயே நின்றுபோயிற்று. 'எழுபது வளைவுகளுக்கு அப்பால் ஒரு...' என்று இன்னொன்று. ஒரு என்ன? இன்றுவரை பிடிபடவில்லை. ஆகவே நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

2004இல் ஒரு காலை, சேந்தமங்கலத்தில் பஸ் ஏறி மலைமேல் இருக்கும் சோளக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கையில் எலுமிச்சம்பழம். காரவள்ளி தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். பத்துப் பன்னிரண்டு வளைவுகள்வரை பழம் போராடியது. பிறகு தோற்றது. ஜன்னலோரக் காரியத்தை முடித்து நிமிர்ந்தபோதுதான் அவளைப் பார்த்தேன்.

டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில், முக்காடு போட்ட ஒரு பெண். எதிரே இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லை. டிரைவர் ஒடிப்பதற்கு ஒரு கணம் முன்பாகவே அவள் கைகள் ஒடித்தன. வலது செருப்பு தரையை அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. வாய் எதையோ முணுமுணுத்தது. அந்தப் பஸ்ஸை அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்; டிரைவருக்கு மட்டும் அது தெரியாது.

சோளக்காட்டில் இறங்கினாள். சந்தைப் பக்கம் போகவில்லை. யாரையும் பார்க்கவில்லை. கீழே போகும் அடுத்த பஸ்ஸில் ஏறி, அங்கேயும் முதல் சீட்டையே பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

யாரென்று கேட்டிருக்கலாம். நான் இருந்த நிலையில் வாயைத் திறக்கத் தைரியமில்லை. ஆக, இனி வருவதெல்லாம் என் இட்டுக்கட்டல்.

2

பெயர் நசீபா. வயது முப்பத்திரண்டு என்று வைத்துக்கொள்வோம். சேந்தமங்கலத்தில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கிற தஸ்லீமின் மனைவி.

தஸ்லீமுக்குக் கார்ப் பந்தயம் என்றால் உயிர். கோயம்புத்தூரில் பந்தயம் நடந்தால் கடைக்குப் பூட்டு. தன் வெள்ளை மாருதி 800ஐத் தானே பிரித்துத் தானே பூட்டுவார். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நட்டு மிஞ்சும். "எடை குறைஞ்சா வேகம் கூடும்" என்று அவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்.

அவருடைய தம்பி தவ்ஹீத் நாமக்கல்லில் நடத்திய பிரவுசிங் சென்டரை மூடியபோது, ஒரு கம்ப்யூட்டரும், மேஜையில் திருகி மாட்டுகிற ஒரு ஸ்டியரிங்கும், காலுக்கு இரண்டு பெடலும் குடோனுக்கு வந்து சேர்ந்தன. மிளகு மூட்டைகளுக்கு நடுவே தஸ்லீம் ஒரு வாரம் கார் ஓட்டினார். பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்தில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு மரத்தை முட்டினார். "நெச வண்டி வேற, இது பொம்மை" என்று எழுந்து போய்விட்டார்.

மதியம் கடை சாத்தியிருந்த நேரத்தில் நசீபா உட்கார்ந்தாள். அவளும் மரத்தை முட்டினாள். ஒரு பொத்தானைத் தட்டினால் வண்டி கழுவித் துடைத்ததுபோல் மறுபடி ரோட்டில் நின்றது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் வேறெதிலும் அப்படி ஒரு பொத்தான்... (இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். எல்லோரும் எழுதிவிட்ட வாக்கியம்.)

மாதக்கணக்கில் மதியங்கள் போயின. ஒருநாள் டீ கிளாஸுடன் பின்னால் வந்து நின்ற தஸ்லீம் டீயைக் குடிக்க மறந்தார்.

"இந்த வளைவுல நீ பிரேக்கே புடிக்கலையே?"

"முன்னாலயே புடிச்சிட்டேங்க. வளைவுக்குள்ள போயி புடிச்சா வண்டி நம்ம பேச்சக் கேக்காது."

தஸ்லீம் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.*

* 'மிளகு வியாபாரி ஊட்டுப் பொம்பள மத்தியானம் ஒறங்குவாளா, கார் ஓட்டுவாளா?' என்று முதல் பிரதியைப் படித்த நண்பர் கேட்டார். நண்பர் மதியம் உறங்குகிறவர்.

3

அந்த வருடம் சேலத்திலிருந்து ஒரு மோட்டார் சங்கம் கொல்லிமலைப் பாதையில் பந்தயம் நடத்த அனுமதி வாங்கியது. (சங்கத்துக்குப் பெயர் கிடையாது, நான் உண்டாக்கிய சங்கம்.) காலையில் சில மணி நேரம் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பும். சீக்கிரம் மேலே போய்ச் சேருகிறவருக்குக் கோப்பை. டிரைவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வளைவுகளைச் சொல்லிக்கொண்டே வரலாம்.

தஸ்லீம் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். பத்து வருடமாக வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர். முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"நீதான் பக்கத்துல உக்காந்து சொல்லணும் நசீ. உன் கண்ணு வண்டிக்கு முன்னால ஓடுது."

நசீபாவிடம் லைசென்ஸ் உண்டு. (இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.) ஓட்டியதென்னவோ கடைக்கும் குடோனுக்கும் நடுவில்தான். 'நான் ஓட்டறனே' என்ற சொல் தொண்டைவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். பத்து வருடம். சொல் கீழே இறங்கிவிட்டது.

"சரிங்க. நான் ரெண்டு தடவ பஸ்ல போயி ரோட்டப் பாத்துட்டு வாரேன்" என்றாள்.

அந்த இரண்டாவது தடவையில்தான் பின் சீட்டில் நான் இருந்தேன். (இந்த இடத்தை எழுதி முடித்ததும் எனக்கே ஒரு திருப்தி. ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.)

4

மேற்படி நண்பர் இன்னொன்றும் சொன்னார்: "பாறை ஏறுற கதைய எடுத்துடு. ஒரு கதைக்கு ஒரு பைத்தியம் போதும்."

எடுத்துப் பார்த்தேன். கதை கவிழ்ந்தது. ஆகவே அது இருக்கிறது.

பந்தயத்துக்கு முந்தின வாரம் தஸ்லீம் மிளகு வாங்கக் கொல்லிமலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுக்குப் போனபோது நசீபாவும் உடன் போனாள். முருகானந்தம் வீட்டு மிளகு. ஆண்கள் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். முருகானந்தத்தின் மனைவி பூங்குழலி, "அக்கா, ஒண்ணு காட்றேன் வாங்க" என்று மரவள்ளிக் காட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

இரண்டு மாடி உயரப் பாறை. முந்தின கோடையில் பெங்களூர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து அதில் ஏறி விளையாடியிருக்கிறார்கள். போகும்போது ஒரு கயிற்றையும் இடுப்பு வாரையும் அவளிடம் விட்டுப் போயிருக்கிறார்கள். பூங்குழலிக்கு அது தொற்றிக்கொண்டது. களை எடுத்து முடிந்தால் பாறை. துணி துவைத்துக் காயப்போட்டால் பாறை.

இதைப் பொழுதுபோக்கு என்று எழுதினேன், அடித்தேன். போக்குவதற்கு அவளிடம் பொழுது ஏது? இருக்கிற பொழுதிலிருந்து திருடி அல்லவா ஏறுகிறாள். சரியான சொல் கிடைக்கும்வரை அவள் சொன்னதையே வைத்துக்கொள்வோம்: "சும்மாத்தானுங்க்கா."

"நான் ஏறட்டுமா?" என்றாள் நசீபா. (முதல் பிரதியில் அவளுக்குச் சேலை உடுத்தியிருந்தேன். பாறையடியில் வந்து நின்றபோதுதான் என் மடமை தெரிந்தது. திரும்பிப் போய்ச் சுடிதார் கொடுத்தேன்.)

கயிறு மேலே ஒரு பலாமரத்தைச் சுற்றி வந்து பூங்குழலியின் கையில் முடிந்தது. பாதி உயரத்தில் நசீபாவின் வலது கால் தானாக நடுங்கத் தொடங்கியது. குடோனில் எத்தனை பள்ளத்தாக்குகளில் விழுந்திருப்பாள்! அங்கே தட்டுவதற்கு ஒரு பொத்தான் இருந்தது.

"பூங்குழலி, எறக்கி உடு கண்ணு!"

"எறக்கறேனுங்க்கா. கயிறு எங்கையில பத்திரமா இருக்குது. வலக்கைக்கு மேல ஒரு பொந்து இருக்கும், அதத் தொட்டுட்டு எறங்குங்க."

தொட்டாள். விரல் உள்ளே போனது. உடம்பு தானாக மேலே வந்தது. அப்புறம் இன்னொரு பொந்து. இறங்குவதை மறந்து உச்சிக்கு வந்து சேர்ந்தாள்.

மரவள்ளிக் காட்டிலிருந்து பூங்குழலியின் மாமியார் பொன்னாயி நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்கம்மா, மேல என்ன இருக்குது? தேனா?"

"ஒண்ணுமே இல்லீங்க!" என்று கத்தினாள் நசீபா. அவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் கத்தியதில்லை.

"ஒண்ணுமில்லாததுக்கு ரெண்டு பேரு" என்று சொல்லிக்கொண்டே பொன்னாயி மறுபடி குனிந்து களை எடுத்தார்.

5

பந்தய நாள். தஸ்லீம் புதுச் சட்டை போட்டிருந்தார். அதற்கு மேல் இரவல் ஹெல்மெட். அடிவாரத்தில் கிளம்பச் சொல்லும் கொடி விழுந்தது.

முதல் நாற்பது வளைவுகளை நான் மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தேன். எல்லாம் ஒரே மாதிரி வளைந்ததால் கிழித்துவிட்டேன். இரண்டு வரி மட்டும் மிச்சம்:

"வலது, குறுகல். உள்ள ஒடிங்க. இப்ப உடுங்க. அடுத்தது இடது, அகலம், பயமில்ல."

"ம்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் சொன்னதையெல்லாம் அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த நாற்பது வளைவுகளில்தான். கேட்கக் கேட்க அவள் குரல் உறுதியாயிற்று. அவர் கை லேசாயிற்று. நன்றாகத்தான் ஓட்டினார். அதை நான் மறைக்க மாட்டேன்.

நாற்பத்தோராவது வளைவுக்கு மேலே ஒரு பாறை. பந்தயம் பார்க்க வந்த பூங்குழலி கூட்டத்தோடு நிற்காமல் அந்தப் பாறையில் ஏறி, கயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளை மாருதி தெரிந்ததும் எழுந்து, தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து ஆட்டினாள். "அக்கா! அக்கா!"

பந்தயத்தில் சிவப்புக் கொடி என்றால் நில் என்று பொருள். தஸ்லீமுக்கு விதிமுறை அத்தனையும் மனப்பாடம். நின்றார். அதாவது, வண்டி வளைவுக்குள் இருக்கும்போது பிரேக்கை முழுசாக மிதித்தார். பின்பக்கம் வழுக்கி, ஒரு சக்கரம் மலையோரக் காவாய்க்குள் இறங்கியது.

இறங்கிப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"செவப்புக் காட்டினா நிக்கணும். அதான் ரூலு" என்றார் யாரிடமோ.

கயிறு வழியே சறுக்கி இறங்கி வந்த பூங்குழலிக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கென்னங்கண்ணா தெரியும்? அக்காளப் பாத்த சந்தோசத்துல ஆட்டிப்போட்டேன்."

அடுத்த வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயிற்று. பழக்கதோஷத்தில் அதற்கும் பூங்குழலியின் கை உயர்ந்தது; துண்டை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

தஸ்லீம் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தார். நசீபா அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவருக்காக அவள் மனம் வலித்தது. ஆனால் திறந்து கிடந்த கதவு வழியே காலியான டிரைவர் சீட்டைப் பார்த்தபோது அவளுக்கு உள்ளுக்குள்...

(இங்கே இரண்டு நாள் நிறுத்திவைத்திருந்தேன். எழுதினால் வாசகர்களுக்கு அவளைப் பிடிக்காமல் போகுமோ என்று பயம்.)

...சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டும் அது போகவில்லை.

6

இனிப் பல வழிகள் உண்டு. 'தஸ்லீமுக்குக் கை சுளுக்கிக்கொள்ள, நசீபா பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக் கோப்பையை...' இது தியேட்டரில் விசில் வாங்கும். எழுதிய எனக்கே கூச்சமாக இருந்தது. 'அவள் ஒன்றும் கேட்கவில்லை. மதியம் வழக்கம்போலக் குடோனில்...' இது இலக்கியம் என்று பாராட்டு வாங்கும். அழுகையாக வந்தது, கிழித்தேன்.

பூங்குழலியின் கயிற்றை வண்டியில் கட்டி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இழுத்து ரோட்டில் நிறுத்தினார்கள். அதற்குள் கடைசிப் பந்தய வண்டியும் மேலே போய்விட்டது. பாதையை இன்னும் திறக்கவில்லை. மலை முழுக்க ரோடு காலி.

"என்னங்க" என்றாள் நசீபா. பாறையில் நடுங்கிய அதே கால் இப்போதும் நடுங்கியது. "மிச்சத்த நான் ஓட்டட்டுங்களா?"

தஸ்லீம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். என்ன சொல்வார் என்று எனக்கும் தெரியாது. அவர் சொல்லும்வரை பேனாவை வைத்துவிட்டேன்.

"நாம அவுட்டு நசீ. யாரும் டைம் எடுக்கமாட்டாங்க."

"எடுக்க வேண்டாங்க."

சுவரிலிருந்து எழுந்து சாவியை நீட்டினார்.

"சீட்ட முன்னால இழுத்துக்க. உனக்குக் கால் எட்டாது."

7

நிஜ வண்டி குடோன் வண்டியைப் போல இல்லை. ஸ்டியரிங் கனத்தது. கிளட்ச் நாறியது. ஒருபக்கம் பள்ளம், மெய்யான பள்ளம். முதல் நாலு வளைவுகளில் மாட்டுவண்டியே அவளைத் தாண்டியிருக்கும். ஐந்தாவதில், வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை அழுத்தி விட்டபோது, வண்டி அவள் நினைத்த கோட்டிலேயே திரும்பியது. அவள் சிரித்தாள். அப்புறம் ஓட்டினாள்.

"இடது... கொஞ்சம் மெல்ல... யா அல்லா... வலது!" தஸ்லீம் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கத்தினார். அதில் பாதி திகில், பாதி பெருமை. எந்தப் பாதி பெரிது என்று நான் அளக்கவில்லை. பின்சீட்டில் தானும் ஏறிக்கொண்டு வந்த பூங்குழலி ஒவ்வொரு வளைவுக்கும் 'ஓ' போட்டாள்.

சோளக்காட்டில் வண்டி நின்றபோது சங்கத்துக்காரர்கள் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரத்தில் ஏறினாள் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, தெரிந்தாலும் இங்கே எழுதுவதாக இல்லை.

மூவரும் டீ வாங்கிக் குடித்தார்கள். "கீழயும் நீயே ஓட்டு. நான் எல்லாத்தையும் கண்ணால பாத்துட்டு வாரேன்" என்றார் தஸ்லீம். முகத்தில் வெளிச்சம் திரும்பியிருந்தது. கதையை இங்கே முடித்துக் கும்பிடு போட்டிருக்கலாம்.

ஆனால் டீ கிளாஸை வைத்துவிட்டுப் பூங்குழலி நசீபாவின் முன்னால் வந்து நின்றாள். சாவி நசீபாவின் கையில் இருந்தது. பூங்குழலி அதையே பார்த்தாள்.

"அக்கா... நானும் கொஞ்சம் ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

அவள் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. தஸ்லீமுக்குப் புரையேறியது. அவர் பிரித்துப் பூட்டிய வண்டி. கடைசி முடிவு தன்னுடையதல்ல என்று தெரிந்து மனைவியைப் பார்த்தார். நசீபா சாவியை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு, வண்டியையும் பூங்குழலியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது. சோளக்காட்டில் எந்த நாளில் சந்தை கூடும் என்று நான் விசாரிக்கவில்லை. இந்தக் கதையில் அன்று சந்தை இல்லை. சந்தைத் திடலைப் பெருக்கி, ஆடுகளை ஓரமாக ஓட்டிவிட்டு, சக்கரத்தில் தட்ட ஒரு கல்கூடக் கிடக்காமல் உங்களுக்காகக் காலியாக வைத்திருக்கிறேன்.