விளக்கு வைத்த பிறகு

சுங்கை பினாங்கில், சந்திரசேகரன் வீட்டுக்குப் பின்னால், குறுகிய சந்தில் கதவு திறக்கும் ஒரு கராஜ் இருக்கிறது. அவருடைய அப்பா தன் காரை நிறுத்துவதற்காகச் செங்கல்லும் தகரமுமாகக் கட்டியது. சன்னல் கிடையாது. வீடு மகனுக்கு, கராஜ் மகளுக்கு என்று வாயால் சொல்லிவிட்டு அவர் போய்ச் சேர்ந்தார். அந்த மகள் காமினி.

காமினிக்கு நாற்பது வயது. கணவனைப் பிரிந்து, பக்கத்து அடுக்குமாடியில் தனியாக இருந்தாள். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம் இயந்திரங்களைப் பழுது பார்த்தவள். ஆள் குறைத்தபோது அவளையும் அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் அழுதாள். மூன்றாவது வாரம் கராஜைக் கூட்டிப் பெருக்கி, மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறையாக மாற்றிக்கொண்டாள்.

அவளிடம் வந்தவர்கள் பெரும்பாலும் பழைய தொழிற்சாலைத் தோழிகள். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை அவர்களுக்கு ஷிஃப்ட். ஏழரைக்கு வண்டியைக் கொண்டுவந்து விடுவார்கள். மறுநாள் விடியும் முன்பு அதிலேயே வேலைக்குப் போக வேண்டும். ஆகவே காமினியின் வேலை பொழுது சாய்ந்த பிறகுதான்.

கராஜுக்குத் தனி மீட்டர் கிடையாது. அண்ணன் வீட்டுச் சமையலறை சன்னல் வழியாக நீளமாக ஒரு வயர் வந்தது. அதில் இரண்டு விளக்குகள் எரிந்தன. அந்த வயரைக் காமினி வெறும் வயராக நினைக்கவில்லை. பிறந்த வீடு இன்னும் தன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

அந்த வருடம் சந்திரசேகரனின் டயர்க் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. சர்க்கரை ஏறி, காலில் ஒரு புண்ணும் வந்தது. அண்ணி லோகேஸ்வரி பயந்துபோனாள். நிபோங் திபாலில் குறி சொல்லும் ஒருவரிடம் போய்க் கேட்டாள். விளக்கு வைத்த பிறகு உங்கள் வீட்டிலிருந்து வெளிச்சம் பின்வாசல் வழியாக வெளியே போகிறது, அதோடு லெட்சுமியும் போகிறாள் என்று அவர் சொன்னார். உப்பையும் ஊசியையும் அந்த நேரத்தில் அடுத்த வீட்டுக்குக் கொடுக்காத வளர்ப்பு லோகேஸ்வரியுடையது. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

அன்று மாலை ஏழு மணிக்கு, சாமி விளக்கை ஏற்றிய கையோடு அவள் வயரைப் பிடுங்கிவிட்டாள். சந்திரசேகரன் சந்துக்கு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே தங்கையிடம் விஷயத்தைச் சொன்னார். பகலில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை என்றார்.

காமினி கோபப்படவில்லை. பகலில் கொடுக்கிறார்களே, அதுவே போதும் என்று மின்னேற்றி விளக்குகள் இரண்டு வாங்கினாள். பகலெல்லாம் அண்ணன் வீட்டு வயரில் ஏற்றி, இரவில் எரித்தாள். ஒன்பது நாள் ஓடியது. லோகேஸ்வரி யோசித்துப் பார்த்து, மறுபடியும் நிபோங் திபாலுக்குப் போன் செய்தாள். பகலில் போனாலும், ராத்திரியில் எரிவது உங்கள் வீட்டு வெளிச்சம்தான் என்று தீர்ப்பு வந்தது. பத்தாம் நாள் காலையில் வயர் சன்னலைவிட்டு உள்ளே போய்விட்டது. சன்னலும் சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு காமினி அந்த வீட்டுக்குள் போகவில்லை.

அவளுடைய கஷ்டத்தைக் கேள்விப்பட்டு ஆர்தர் வந்தார். தொழிற்சாலையில் அவளுக்கு மேலே டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலைப் பூசைக்குப் போகிறவர். ஒரு சோலார் பலகையைக் கட்டித் தன் காரின் கூரைமேல் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"மீன்குளத்து மோட்டாருக்கு வாங்கினேன்மா. மீனெல்லாம் செத்துப் போச்சு, இது சாகல," என்றார். பிறகு மூடியிருந்த சன்னலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சூரியன் யார் வீட்டு மீட்டர்லயும் ஓடல லா. தைரியமா எடுத்துக்க."

ஒரு சனிக்கிழமை முழுக்க இருவரும் வேலை செய்தார்கள். பலகையைத் தகரக் கூரையில் சாய்வாகப் பதித்தார்கள். கீழே ஒரு பெரிய பாட்டரி, அது அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்க ஒரு சிறிய பெட்டி. பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போட்ட பிறகுதான் மற்ற வயரைத் தொடவிட்டார் ஆர்தர். நடுவில் ஒரே விளக்கைத் தொங்கவிட்டால் குனிந்து வேலை செய்கிறவளின் நிழலே இன்ஜின்மேல் விழும் என்று, பட்டை விளக்குகளை இரண்டு பக்கச் சுவரிலும் ஒட்டினார். வண்டியின் அடியில் பார்ப்பதற்குக் கொக்கி வைத்த ஒரு கைவிளக்கு, நீள வயரோடு. பாட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காதே, பிறகு அது தேறாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே ஒரு குறை. அண்ணன் வீட்டு மாமரத்தின் கிளை பகல் பன்னிரண்டு வரை பலகைமேல் நிழல் போட்டது. கிளையை வெட்டச் சொல்லிக் கேட்கக் காமினிக்கு வாய் வரவில்லை. இருந்த வெளிச்சத்தில் சமாளித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தபோது கூரைமேல் வெயில் முழுசாக விழுந்திருந்தது. கிளை இல்லை. சந்தின் சாக்கடையில் மாவிலைகள் கிடந்தன. புண் காலோடு அண்ணன் எப்படி ஏணியில் ஏறினார் என்று நினைத்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு கிளைக்காக அவள் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாள். நல்ல மனசு என்பது பெரும்பாலும் இப்படித்தான் வரும், சத்தம் இல்லாமல், பேர் சொல்லாமல்.

தைப்பூச விரத நாட்களில் ஒரு மாலை, அந்த வட்டாரம் முழுக்கக் கரண்டு போய்விட்டது. மழை வேறு. கராஜில் மட்டும் விளக்கு எரிந்தது. ஏழே முக்கால் இருக்கும், அண்ணன் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு முனகல் கேட்டது. காமினி எழுந்து போய்ச் சன்னல் இடுக்கில் பார்த்தாள். அண்ணன் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். லோகேஸ்வரி குத்துவிளக்கைத் தரையில் வைத்துக்கொண்டு, புண்ணில் ஒட்டியிருந்த துணியை எடுக்கத் தடுமாறிக்கொண்டிருந்தாள். எது துணி, எது தோல் என்று அவளுக்குத் தெரியவில்லை.

காமினி கைவிளக்கைக் கொக்கியிலிருந்து கழற்றி, வயரை இழுத்துக்கொண்டு பின்வாசலில் போய் நின்றாள்.

"அண்ணி, இதப் பிடிச்சிக்கிட்டுக் கட்டுங்க."

லோகேஸ்வரி விளக்கையும் அவளையும் பார்த்தாள். ஒரு நொடிதான் யோசித்தாள்.

"உள்ள கொண்டா. வர்ற லெட்சுமிய வேணாம்னு சொல்லக்கூடாது."

எட்டு மாதம் கழித்துக் காமினி அந்த வீட்டுக்குள் கால் வைத்தாள். விளக்கை அவளே பிடித்தாள். லோகேஸ்வரி துணியைப் பிசிறில்லாமல் பிரித்தெடுத்தாள். புண்ணைத் துடைத்து, மருந்து வைத்து, சுத்தமாகக் கட்டினாள். அவள் கெட்டவள் இல்லை. புருஷன் மேல் உயிரையே வைத்திருந்தாள். அண்ணன் ஒரு தடவை தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். விளக்கு இங்கேயே இருக்கட்டும் என்று காமினி சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாளும் கரண்டு வரவில்லை. வெயிலும் இல்லை. பலகை கொடுத்தது கொஞ்சம்தான். சாயங்காலம் பெட்டியைப் பார்த்தபோது பாட்டரி பாதியை நெருங்கியிருந்தது. அண்ணன் வீட்டில் விட்ட கைவிளக்கு எரிய வேண்டுமானால் பட்டை விளக்குகளை அணைக்க வேண்டும். காமினி அணைத்தாள். பிரேக் கேபிள் மாற்ற வந்திருந்த ரொஸ்னாவிடம் மன்னிப்புக் கேட்டாள். ரொஸ்னா அவள் தோளைத் தட்டி, பரவாயில்லை என்று மலாயில் சொல்லிவிட்டு, தோழியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போய்க்கொள்வதாகச் சொன்னாள். காமினி இருட்டுக் கராஜின் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே, சமையலறை சன்னல் திறந்திருந்தது. உள்ளே தன்னுடைய வெளிச்சம் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்ட கஷ்டமெல்லாம் தீர்ந்ததுபோல் இருந்தது. இனி பழைய வயர் தானாக வரும் என்று நினைத்தாள். தைப்பூசச் சாமி தண்ணீர்மலையான் கண் திறந்துவிட்டான் என்றே நம்பினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கரண்டு வந்தது.

அன்று காமினி சீக்கிரமே வந்து, அண்ணன் வீட்டு வயரைச் செருகும் பழைய பிளக்கின் தூசியைத் துடைத்து வைத்தாள். ஆறு மணிக்குச் சந்தில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. நொண்டி நொண்டி வந்தார். கையில் சுற்றிய வயர் இருந்தது. காமினி வாசலுக்கு விரைந்தாள். பக்கத்தில் வந்த பிறகுதான் அது தன்னுடைய கைவிளக்கின் வயர் என்று தெரிந்தது.

விளக்கைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார்கள். கிரீஸ் கறை ஒன்றுகூட இல்லை. பல்பைச் சுற்றிய கம்பிக்கூண்டின் நெற்றியில் மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்திருந்தது.

"இருட்டுறதுக்குள்ள கொடுத்துட்டு வரச் சொன்னா உங்க அண்ணி," என்றார். விளக்கை நீட்டிக்கொண்டே, "விளக்கு வச்சதுக்கப்புறம் வாசலத் தாண்டக்கூடாதாம். உன்னோட விளக்காவே இருந்தாலும்."

காமினி அதை வாங்கிக்கொண்டாள். பொட்டைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள். அவள் நெற்றியில் அந்த வீட்டுக் குங்குமம் பட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"அண்ணே, எங்கிட்ட வாங்குறதுக்கு நேரம் பார்க்க வேணாம். எத்தன மணிக்கு இருட்டினாலும் கூப்பிடுங்க."

சந்திரசேகரன் தலையை ஆட்டினார். போகத் திரும்பியவர் நின்று, கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"கிளை மறுபடியும் துளிர்க்குது. ஞாயித்துக்கிழமை வெட்டி விடுறேன்." சன்னலை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "அப்ப அவ கோயிலுக்குப் போயிருப்பா."

"கால் ஆறட்டும்ணே. அவசரமில்ல."

அவர் போனார். ஏழு மணிக்கு அந்த வீட்டில் விளக்குகள் எரிந்தன. மணிச் சத்தம் கேட்டது. சமையலறை சன்னலை உள்ளேயிருந்து ஒரு கை இழுத்துச் சாத்தியது.

கராஜ் இருட்டாக இருந்தது. அன்று வெயில் இருந்தும் பாட்டரி முழுதாக ஏறவில்லை. ஒரு பக்கத்துப் பட்டை விளக்குக்கும் கைவிளக்குக்கும்தான் காணும். காமினி இரண்டையும் போட்டாள். கைவிளக்கைக் கொக்கியில் மாட்டி, ரொஸ்னாவின் வண்டிக்கு முன்னால் மண்டியிட்டாள். பழைய கேபிளைக் கழற்றி, புதியதை நுழைத்து இழுத்தபோது, கிரீஸ் கை விளக்கில் பட்டுப் பொட்டு கலைந்தது.

அவள் அதைத் துடைக்கவில்லை. ரொஸ்னா ஏழரைக்கு வந்துவிடுவாள்.