நானூற்றுத் தொண்ணூற்றெட்டுப் படிகள்

இத்தாலியில் போலோன்யாவுக்குப் படிக்க வருகிற எவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள்: பட்டம் வாங்கும்வரை அசினெல்லி கோபுரத்தில் ஏறாதே, ஏறினால் பட்டமே கிடைக்காது. யாரைக் கேட்டாலும் தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒருத்தரும் ஏற மாட்டார்கள். நான் படித்தது கட்டடப் பொறியியல். எவ்வளவு காற்றடித்தால் ஒரு கோபுரம் எவ்வளவு அசையும் என்று கணக்குப் போடத் தெரிந்தவள். நானும் ஏறவில்லை.

என்னோடு அறையைப் பங்கிட்ட ரொசல்பா தெற்கே கலாப்ரியாக்காரி. சட்டம் படிக்கிறாள், ஒன்பதாவது வருஷமாக. "வந்த மூணாம் நாளே ஏறித் தொலைச்சேன்டி. பாரு, இன்னும் இங்கதான் குப்பை கொட்டுறேன்" என்பாள். ஒவ்வொரு வாய்மொழித் தேர்விலும் கொடுத்த மதிப்பெண் போதாது என்று வேண்டாமென்று சொல்லிவிட்டு வருவாள். இங்கே அப்படிச் செய்யலாம். அடுத்த முறை மறுபடி போய் உட்காரலாம். அவளுக்குப் பட்டம் கிடைக்காததற்குக் கோபுரத்தைவிட அவளுடைய ரோஷம்தான் காரணம் என்பது என் கட்சி.

எனக்கு ரோஷத்துக்கெல்லாம் நேரமில்லை. காலையில் நூலகத்தில் இடம் பிடிக்க ஓட வேண்டும். மதியம் வகுப்பு. மாலையில் பல்கலைக்கழகத் தெருவில் ஒரு கடையில் ரொட்டி சுட்டு மடித்துக் கொடுக்கும் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை, தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்கக் காவல் அலுவலக வரிசையில் விடியற்காலையிலிருந்து நிற்க வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அல்பேனியாவிலிருந்து, துர்ரெஸ் என்ற துறைமுக ஊரிலிருந்து, அம்மா போனில் கூப்பிடுவாள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன். இத்தாலிய மொழியை அவ்வளவு சுத்தமாகப் பேசப் பழகியிருந்தேன். அதில் எனக்கு ஒரு கர்வம் வேறு.

அம்மா பெயர் திரிதா. துர்ரெஸில் ஒரு தொழிற்சாலையில் ஷூவுக்கு மேல்தோல் தைப்பாள். அவள் தைத்தது கப்பலேறிப் போய் இத்தாலிய ஷூவாக விற்கும். அப்பா நான் பிறந்த வருஷம் கிரீஸுக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். அம்மாவின் சின்ன வயதில், கம்யூனிஸ்ட் ஆட்சியில், வெளிநாட்டு டிவி பார்ப்பது குற்றம். ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி, சத்தத்தைக் குறைத்து வைத்து, இத்தாலிய நிகழ்ச்சிகளைப் பார்த்தே அந்த மொழியைக் கற்றுக்கொண்டவள். அதனால் அவள் பேசுவது முழுக்க மேடை அறிவிப்பாளர் பாஷை.

நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, ஏப்ரலில், மூன்று நாள் என்னைப் பார்க்க வந்தாள். ராத்திரி முழுக்கக் கப்பலில் உட்கார்ந்து, அன்கோனாவில் ரயில் பிடித்து வந்தாள். கையில் ஆள் உயரத்துக்குக் கட்டம் போட்ட பை. அதற்குள் கீரை வைத்துச் சுட்ட பியுரெக், ஆலிவ், தண்ணீர் பாட்டிலில் ஊற்றிய ராக்கிச் சாராயம். நகரப் பேருந்தில் ஏறும்போதே, "சீமான்களே, சீமாட்டிகளே, மாலை வணக்கம்" என்று கணீரென்று சொன்னாள். பேருந்தே சிரித்தது. அன்பாகத்தான் சிரித்தார்கள், இப்போது யோசித்தால் தெரிகிறது. அப்போது எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

இரண்டாம் நாள் மாலை, சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அந்தக் கோபுரத்து உச்சியிலேருந்து கடல் தெரியுமாமே, நெசமா?"

மேகமில்லாத நாளில் தெரியும் என்று சொல்வார்கள் என்றேன்.

"அப்ப நாளைக்கு ஏறிடலாம். இத்தனை வருஷம் அந்தக் கரையில நின்னு இந்தப் பக்கம் பாத்துட்டேன். ஒரு தடவை இங்கேருந்து நம்ம பக்கம் பாக்கணும். நீ எங்க நின்னு என்னை நினைச்சுக்கிறேன்னு எனக்கும் தெரியணுமில்ல."

கோபுரத்தடியில்தான் என் வகுப்புப் பிள்ளைகள் பொழுதுக்கும் உட்கார்ந்து கதையளப்பார்கள். அந்தக் கட்டம் போட்ட பையோடு அம்மா அவர்கள் முன்னால் நின்று, சீமான்களே சீமாட்டிகளே என்று ஆரம்பிப்பதை நினைத்துப் பார்த்தேன். முகம் சூடாகிவிட்டது.

"நான் ஏறக் கூடாதும்மா. ஏறினா பட்டம் கிடைக்காதுன்னு இங்க ஒரு ஐதீகம்."

சட்டென்று வாயில் வந்த சாக்கு. சிரித்துவிடுவாள், அப்புறம் பரீட்சை என்று வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யாரிடம் சொல்கிறோம் என்பதை மறந்துவிட்டேன், மடச்சி. எங்கள் ஊரில் வீடு கட்டினால் கண் படாமலிருக்கப் பழைய கரடிபொம்மை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். எங்கள் வீட்டு வாசல் நிலையிலேயே பூண்டுக் கொத்து தொங்கும். அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீ இதுவரைக்கும் ஏறலையே?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இல்லை என்றேன்.

அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. என்ன பிறவி நான் என்று என்னையே திட்டிக்கொண்டு கிடந்தேன். காலையில் எழுந்ததும், அதெல்லாம் கட்டுக்கதை, கிளம்பு, ஏறலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். அசைய மாட்டேன் என்றுவிட்டாள். நீங்கள் மாணவி இல்லையே, தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று ரொசல்பாகூடச் சொல்லிப் பார்த்தாள். தனியாகப் போய் என்ன பார்ப்பது என்று கேட்டாள் அம்மா.

ரயிலடிக்குப் போகும் வழியில் கோபுரத்தடியில் ஒரு நிமிஷம் நின்றாள். செங்கல்லில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள். எத்தனை படி என்று கேட்டாள். நானூற்றுத் தொண்ணூற்றெட்டு என்றேன்.

"கோபுரம் எங்க ஓடிப்போவுது? நீ பட்டம் வாங்கு. பட்டம் வாங்கினவங்களுக்கு இங்க வைக்கிற அந்த இலைக் கிரீடத்தைத் தலையில வச்சுக்கிட்டு நீ முன்னால ஏறு, நான் பின்னால வரேன்" என்று சொல்லிவிட்டு, என் முழங்கையைப் பிடித்து அந்த இடத்தைவிட்டு விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள். கோபுரத்து நிழல்கூட என்மேல் விழக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு வாக்கியம் போதும். ரயில் வரும்வரை நேரமிருந்தது. சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவின் முதல் கேள்வி, இன்னும் எத்தனை பரீட்சை பாக்கி என்பதுதான். பதினொன்று, ஒன்பது, ஆறு என்று குறைந்துகொண்டே வந்தது. அடுத்த வருஷம் அக்டோபரில் கோபுரத்தை மூடிவிட்டார்கள். பக்கத்தில் நிற்கிற குட்டைக் கோபுரத்தின் சாய்வு கவலை தருகிறதாம். எங்கள் பேராசிரியர் அதைப் பற்றி இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தார். அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள்.

"நல்லதாப் போச்சு, ரிப்பேர் பண்ணி வைக்கட்டும். நாம ஏறுறப்ப உறுதியா இருக்கும்."

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, எங்கள் பக்கத்து வீட்டு லுலே அத்தை கூப்பிட்டாள். அவள் என்னை அதுவரை கூப்பிட்டதே இல்லை. அம்மா மாடிப்படியில் விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது என்றாள். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில். எங்கள் வீடு தரைத்தளத்தில். மேலே அவளுக்கு என்ன வேலை என்று கேட்டேன். நேரில் வா என்று மட்டும் சொன்னாள்.

துக்கத்துக்கு வந்த பெண்கள் எல்லோரும் கசப்புக் காபியைக் குடித்து எழுந்து போன பிறகுதான் லுலே அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷமா தெனம் வேலை முடிஞ்சு வந்து படியேறுவா. தரையிலேருந்து மொட்டை மாடிக்கு எண்பத்து மூணு படி. ஆறு தடவை ஏறினா உங்க ஊர்க் கோபுரத்துக்குச் சரியா வருதாம். நாலாவது தடவைக்கே மூச்சு வாங்கும். கோபுரத்தைத்தான் மூடிட்டாங்களே, இப்ப எதுக்குடி இந்தப் பாடுன்னு கேட்டேன். பட்டம் வாங்கின புள்ளைய நடுப்படியில காக்க வைக்கக் கூடாதுன்னா."

அத்தை என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளிடமும் நான் எதையும் சொல்லவில்லை.

ஜூலையில் பட்டம் வாங்கினேன். ரொசல்பா என் தலையில் லாரல் இலைக் கிரீடத்தை வைத்து, தெருவெல்லாம் கேட்கும்படி கேலிப் பாட்டுப் பாடினாள். அந்தக் கிரீடத்தோடு கோபுரத்தடிக்குப் போனேன். சுற்றிலும் தடுப்பு வைத்திருந்தார்கள். செங்கல்லைத் தொடக்கூட வழியில்லை. ரொசல்பாவுக்கு அப்போதுதான் முழுக் கதையையும் சொன்னேன். அவள் அழுதாள். "அன்னிக்கு உங்கம்மா என்னைப் பாத்துப் பயந்துட்டாங்கடி. கோபுரம் ஏறினதால ஒன்பது வருஷம்னு நான்தான் அவங்ககிட்டப் பெருமையடிச்சுக்கிட்டேன்" என்றாள். அவள்மேல் ஒரு தப்புமில்லை.

மறுநாளே கப்பலேறினேன். துர்ரெஸில் வீட்டைக்கூடத் திறக்கவில்லை. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு படியேற ஆரம்பித்தேன். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த லுலே அத்தை என்னைப் பார்த்தாள், மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டாள். மேலே போனேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். நாலாவது தடவை, மூன்றாவது மாடி தாண்டியதும், என்னால் கால் வைக்க முடியவில்லை. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து ஏறினேன். ஆறு தடவையும் ஏறினேன்.

மொட்டை மாடியில் யாருடைய துணிகளோ காய்ந்துகொண்டிருந்தன. எதிரே கடல். மேகமே இல்லை. இத்தாலிப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒன்றும் தெரியவில்லை. தினமும் இங்கே நின்றுதான் அவள் பார்த்திருக்கிறாள்.

கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கடைசியில் அந்த இரண்டு வாக்கியத்தையும் சொன்னேன்.

"அது சும்மா சொன்னதும்மா. உன்னோட வர வெக்கப்பட்டுச் சொன்னது."