பேரியம் தயங்காது

1

இந்தக் கதை சாப்பாட்டு மேஜையில் என் அண்ணி சொன்ன ஒரு பேச்சில் பிறந்தது. அண்ணிக்கு ஒரு ரசாயன ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை.

"எங்ககிட்ட ஒரு உப்பு இருக்கு தம்பி. பார்க்க சாப்பாட்டு உப்பு மாதிரியே சாதுவா இருக்கும். கொஞ்சம் உள்ள போனாப் போதும், ஆளைச் சாய்ச்சிடும்."

பேரியம் குளோரைடு. அன்றிலிருந்து அது என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

2

முதல் தொடக்கம்: "கண்ணாடிக் குடுவைக்குள் அந்த வெள்ளை மரணம்..." (அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "அது தண்ணீரில் கரைந்த விதம் ஒரு..." (இதை நானே அடித்துவிட்டேன்.)

சரி, நேராகச் சொல்கிறேன். ஆலைக்கு வரும் உப்புநீரில் சல்பேட் என்று ஒரு வேண்டாத சரக்கு கலந்திருக்கும். பேரியம் குளோரைடு கரைசலை அதில் விட்டால், பேரியம் அந்தச் சல்பேட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் பொடியாக அடியில் போய் உட்கார்ந்துவிடும். வடிகட்டினால் வேலை முடிந்தது.

அண்ணி இதைச் செய்தே காட்டினாள். இரண்டு சோதனைக்குழாயிலும் தெளிந்த நீர். ஒன்றிலிருந்து மற்றதில் ஒரு சொட்டு விழுந்ததும் பாலாய்ப் போனது. மேலே அமிலத்தை ஊற்றினாள். அப்போதும் அந்த வெள்ளை அசைந்து கொடுக்கவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இப்படி ஒரு பிடிப்பை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

(கரைவதால்தான் குளோரைடு விஷம். எக்ஸ்ரே எடுக்கும் முன் குடிக்கக் கொடுக்கிறார்களே ஒரு வெள்ளைக் கூழ், அதுவும் பேரியம்தான். ஆனால் சல்பேட்டோடு சேர்ந்துவிட்டது. கரையாது, உடம்பில் ஏறாது, பேசாமல் வெளியே போய்விடும். தீயில் காட்டினால் பேரியம் பச்சையாக எரியும் என்பதையும் எங்காவது நுழைக்க ஆசைப்பட்டேன். இங்கே நுழைத்துவிட்டேன்.)

3

இனி வருவது என் கற்பனை. சோதனைக்கூடத்துப் பெண்ணை அண்ணியைப் பார்த்தே வரைந்தேன். இன்னொருவர் உப்புநீர்த் தொட்டிக்காரர், பட்டப்பெயர் 'நாக்கு'. விரலால் தொட்டு நாவில் வைத்து, உப்பு ஏறியிருக்கிறதா என்று மீட்டருக்கு முன்னால் சொல்லிவிடுவார். அந்தப் பகுதியில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மேற்பார்வையாளரும் அதைப் பார்த்து ரசிப்பார்.

ஒருநாள் ஆள் குறைவு. மேற்பார்வையாளர் நாக்கைப் புதுத் தொட்டிக்கு அனுப்புகிறார். "வெறும் உப்புத்தண்ணிதாங்க, போய்ப் பாருங்க."

அது பேரியத் தொட்டி. நாக்கு தொட்டு வைத்தார். கசந்தது. சந்தேகம் வந்தது. உள்ளங்கையில் அள்ளி இன்னொரு வாய்.

முதல் பிரதியில் அவரை அந்தப் பெண்ணின் கணவனாக்கியிருந்தேன். அண்ணி படித்துவிட்டுக் கோபப்பட்டாள்.

"கூட வேலை பார்க்கிறவர் சாகக் கூடாதுன்னு நான் பதற, அவர் என் புருஷனா இருக்கணுமா?"

மாற்றிவிட்டேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

4

வாந்தி. வயிற்றைப் பிசைகிற வலி. பிறகு கைகால் துவள்கிறது. சோதனைக்கூடத்துப் பெஞ்சில் அவரைச் சாய்த்திருக்கிறார்கள், மேற்பார்வையாளரும் பக்கத்தில் நிற்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் தூரம் அதிகம். அவள் மருத்துவருக்குப் போன் போடுகிறாள்.

"பேரியம் குளோரைடு, சார். கையில பேதி உப்பு இருக்கு."

"நினைவு இருக்கா? விழுங்க முடியுதா? உடனே கரைச்சுக் குடுங்க. மிச்சத்தை இங்க பார்த்துக்கறேன்."

பேதி உப்பு என்றால் மக்னீசியம் சல்பேட். குழாயில் தினமும் பார்க்கிற வெள்ளை இன்று ஒரு மனிதனின் வயிற்றில் விழ வேண்டும். இரத்தத்தில் ஏறியதை இது தொடாது. வயிற்றில் மிச்சமிருப்பதை அங்கேயே முடக்கிவிடும். அவள் கலக்குகிறாள், ஒரு சொட்டும் சிந்தவில்லை. இந்த வரியை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. என்ன பெண்!

"அண்ணே, குடிங்க."

அவர் தம்ளரைப் பார்க்கிறார். "என்ன மேடம் இது?"

"உப்புத்தண்ணிதான்..."

சொன்ன பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. காலையில் இன்னொருவரும் இதையேதான் சொன்னார். நாக்கு வாயை இறுக மூடிக்கொண்டார்.

5

முடிவு ஒன்று: அவர் குடிக்கிறார், பிழைக்கிறார், எல்லோரும் அவளுக்குக் கை தட்டு... (சே.)

முடிவு இரண்டு: வண்டி வருவதற்குள்... (எழுத மாட்டேன்.)

முடிவு மூன்று: அவள் முதலில் ஒரு மடக்கு தான் குடித்துக் காட்டுகிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது. அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

"காட்டினாள், சரி. அவர் நம்பினாரா?"

சல்பேட்டைக் கண்டதும் பேரியம் ஒரு கணம்கூடத் தயங்காது. அதனால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல முடிந்தது. இவர் மனிதர். இன்று ஒருமுறை ஏமாந்தவர்.

அதனால் இங்கே நிறுத்துகிறேன். அவள் ஒரு மடக்கு குடித்துவிட்டாள். தம்ளரை மறுபடியும் அவர் உதட்டருகே பிடித்திருக்கிறாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, மேற்பார்வையாளரையும் பார்க்கவில்லை. அந்த அறையில் இன்னும் பொய் சொல்லாதவர் யாராவது உண்டா என்று தேடுகிறார். இவ்வளவு நேரம் ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருந்த உங்களைத்தான் இப்போது பார்க்கிறார்.

தம்ளரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கள்.