பெயர் தாங்காத பலூன்

"இந்தப் பெலூன் மேல போச்சுன்னா பின்னாடி அறை உங்க பொண்ணுங்களுக்கு. போகலேன்னா அங்க நாற்காலி அடுக்கப் போறோம்," என்றார் முகம்மது சுல்தான். அவர் ஜவுளிக்கடைக்காரர், பினாங்கு வீதித் தமிழ்ச் சங்கத்தின் தலைவர்.

"போகும் ஐயா," என்றாள் ருக்குமணி. சங்கத்தின் பெண்கள் பள்ளிக்கு அவள் ஒருத்திதான் ஆசிரியை. விஞ்ஞானப் பாடம் நடத்த ஓர் அறை வேண்டுமென்று இரண்டு வருஷம் கேட்டு, கடைசியில் ஆண்டு விழாவன்று இந்தப் பந்தயத்தில் வந்து நின்றிருந்தாள்.

முற்றத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. உள்ளே நீர் கலந்த கந்தகத் திராவகம், அதில் துத்தநாகத் துண்டுகள். ஜாடியிலிருந்து ஒரு குழாய் பட்டுத்துணிப் பலூனுக்குப் போயிற்று.

செயலாளர் நல்லமுத்து வாயில் சுருட்டோடு குனிந்து பார்த்தார். "ஒரு குமிழி வருது. ரொம்ப நேரம் கழிச்சு இன்னொண்ணு. நம்ம சங்கத்துத் தீர்மானம் மாதிரியே இருக்கு லா!"

"துத்தநாகம் ரொம்பச் சுத்தமா இருக்கு, அதான் தயங்குது," என்றாள் ருக்குமணி. " செம்பு தொட்டுக்கிட்டு இருந்தா வேகமா வரும். அண்ணே, முதல்ல சுருட்டை அணைங்க. வர்றது ஹைட்ரஜன். அதுல விளக்கு எரிக்கலாம், அடுப்பு எரிக்கலாம், உங்க மீசையும் எரியும்."

அங்கே இருந்த ஒரே செம்பு சுவரில் தொங்கியது. 'இக்கட்டடம் முகம்மது சுல்தான் உபயம்' என்று வெட்டிய தகடு.

"என் பேரைத் திராவகத்துல போடுறதா?"

"கரையாது ஐயா. கரையுறது துத்தநாகம்தான். செம்பு மேல குமிழி சுலபமா உருவாகும். வேலையை வேகமாக்கிட்டு, போட்டபடியே வெளிய வந்துடும். கிரியா ஊக்கின்னு சொல்வாங்க."

நல்லமுத்து நிமிர்ந்தார். "அட, நான் மாதிரி! நான் ஒரு வேலையும் செய்றதில்ல, ஆனா நான் இருந்தா எல்லாம் நடக்குது."

"அது திராவகத்துக்குள்ள இறங்கும் அண்ணே," என்றாள் ருக்குமணி.

கூட்டம் சிரித்தது. தலைவரே தகட்டைக் கழற்றிக் கொடுத்தார். துத்தநாகத்தின் மேல் அது படுத்ததுதான் தாமதம், ஜாடி பொரியத் தொடங்கியது. பலூன் புடைத்தது.

அது நிரம்பும் நேரத்தில் நல்லமுத்து சும்மா இருக்கவில்லை. ஜிகினா ஒட்டிய அட்டை எழுத்துகளால் தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், பொருளாளர், செயலாளர் என எல்லார் பெயரையும் பலூனில் ஒட்டிவிட்டார். செயலாளர் பெயர்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

கயிற்றை விட்டார்கள். பலூன் தரையிலேயே உட்கார்ந்திருந்தது.

"வாயு மட்டம்," என்றார் நல்லமுத்து.

"வாயுவுக்கு என்ன குறை? அட்டையைத் தூக்க முடியல," என்றாள் ருக்குமணி.

தலைவர் யோசித்தார். "பொருளாளர் பேரை எடு. அவர் வரவே இல்லையே."

எடுத்தார்கள். பலூன் லேசாக அசைந்தது.

"துணைத் தலைவர்களையும் எடு."

"கோவிச்சுக்குவாங்களே!"

"கோவிக்கட்டும். ஆமா, உன் பேரு ஏன் என் பேரைவிடப் பெரிசா இருக்கு? அதையும் எடு."

நல்லமுத்து ஒவ்வோர் எழுத்தாக, பல் பிடுங்குவதுபோல் பிடுங்கினார். பலூன் ஒரு சாண் எழும்பியது, மறுபடி உட்கார்ந்தது. மிச்சம் இருந்தது ஒரே பெயர். எல்லாரும் தலைவரையே பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

முகம்மது சுல்தான் தம் பெயரைத் தாமே உரித்தார்.

பலூன் விருட்டென்று ஓட்டுக்கூரையைத் தாண்டிக் கடல் பக்கம் போயிற்று. கைதட்டல் ஓய்ந்தும் தலைவர் முகம் தெளியவில்லை.

"பேரே இல்லாம போகுதே! அக்கரையில இருக்கற பாகான் டாலாம்காரன் பார்த்தா, யாரு விட்டதுன்னு நினைப்பான்? நம்ம பெலூன்னு எப்படி ஒத்துக்கறது? அறையைப் பத்தி அடுத்த கூட்டத்துல பேசுவோம்."

ருக்குமணி தகட்டை எடுத்துக் கழுவி அவர் கையில் கொடுத்தாள். ஓர் எழுத்தும் தேயவில்லை. பிறகு முந்தானையை விரித்துக் காட்டினாள். கழற்றிய ஜிகினா எழுத்துகள் எல்லாம் அதில் இருந்தன.

"இதையெல்லாம் அந்த அறைக் கதவுல ஒட்டிடலாம் ஐயா. கதவு பறக்க வேண்டியதில்ல."

தலைவர் எழுத்துகளைப் பார்த்தார், பிறகு பையில் கையை விட்டு அறைச் சாவியை எடுத்தார். "என் பேரு மேல."

"கதவு கொஞ்சம் அகலமா இருந்திருக்கலாம் லா," என்றபடி நல்லமுத்து பசை தேடப் போனார்.